எண்கள் சொல்லாத ஓட்டம்: கால்பந்து அணிவகுப்பு பற்றி

2-3-5, 4-2-4, 4-3-3 என்று கால்பந்தின் வரலாறு எண்களாகவே சொல்லப்படுகிறது. கோல்கீப்பரை விட்டுவிட்டு மீதிப் பத்துப் பேரைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணுகிற கணக்கு இது. யார் எங்கே நிற்கவேண்டும் என்பதை இந்த எண்கள் சொல்லும். யாருடைய வேலையை யார் சேர்த்துச் செய்கிறார் என்பதைச் சொல்லாது. நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பவர் டேபிளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ஓவர்லாக் இங்கே, பேட்லாக் அங்கே, செக்கிங் கடைசியில் என்று இடம் பிரித்தாயிற்று. ஆனால் ஓரிடத்தில் பீஸ் தேங்கினால் பக்கத்து ஆள் கைகொடுத்தால்தான் வேலை ஓடும். அந்தக் கைகொடுத்தல் கூலிக் கணக்கில் ஏறாது. கால்பந்து உத்திகள் மாறிய கதையையும் இப்படி ஏறாமல் போன கணக்கிலிருந்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

2-3-5 பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் உருவானது. பட்டாளத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. 1911ல் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றபோது பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். கால் நம்முடையது, களத்தை வகுத்த முறை ஆண்டவனுடையது.

அந்த முறையை உடைத்தது ஒரு சட்டத் திருத்தம். பந்து தரப்படும் கணத்தில் முன்னால் நிற்பவருக்கும் கோல்கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு. 1925ல் மூன்றை இரண்டாக்கினார்கள். கோல்கள் பெருகின. ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன், நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து ஸ்டாப்பர் ஆக்கி, ‘டபிள்யூ-எம்’ என்ற வடிவத்தை நிலைநிறுத்தினார். இனி ஸ்டாப்பரின் வேலை ஒன்றுதான்: எதிரணி சென்டர் ஃபார்வர்டோடு ஒட்டிக்கொள்வது.

சரி, அந்த சென்டர் ஃபார்வர்டு தன் இடத்தில் இல்லாவிட்டால்? 1953 நவம்பரில் வெம்ப்ளியில் ஹங்கேரி கேட்ட கேள்வி இது. ஹிடெக்குட்டி நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். ஸ்டாப்பர் கூடவே போனால் பின்னால் வெளி திறக்கும். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டியைக் கேட்க ஆளில்லை. இங்கிலாந்து 6-3 என்று தோற்றது. ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல். ஒருவர் தன் இடத்தைவிட்டு நகர்ந்ததில், நிற்கவைக்கப்பட்ட மற்றவர்களின் இடமும் அர்த்தமிழந்தது.

இந்தியாவில் இதைப் புரிந்துகொண்டவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சியில் ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வென்றது. அவர் பொறுப்பிலிருந்த இந்திய அணி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று சிதறியது. அதே அணி 1956 மெல்போர்னில் நான்காமிடம் வந்தது. பிரேசில் 1958 உலகக் கோப்பையில் புகழ்பெறச் செய்வதற்கு முன்பே 4-2-4 முறையை இங்கே கொண்டுவந்தவர் என்று ரஹீமைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் நடத்திய போட்டிகள். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு போகக்கூடாது என்று ஒரு போட்டி, பழகாத காலால்தான் அடிக்கவேண்டும் என்று இன்னொன்று. கரும்பலகையில் எழுதினால் மட்டும் ஃபார்மேஷன் வந்துவிடாது, காலுக்கு வரவேண்டும் என்பது வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. தாய்லாந்தோடு ஆடியபோது பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோலடித்தார். இறுதியில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. இந்த உத்தியை மேதைமை என்கிறோம், தப்பில்லை. ஆனால் ஜர்னைல் விட்டுப்போன இடத்தையும் அன்று ஆடித்தான் நிரப்பினார்கள். அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் போன்ற பின்கள ஆட்டக்காரர்களின் பெயர் எத்தனை பேர் வாயில் வருகிறது? ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்தார்.

1997 ஜூலை 13, கல்கத்தா சால்ட் லேக். அமல் தத்தா மோகன் பகானுக்கு வகுத்த ‘டைமண்ட்’ வியூகம் பற்றி ஊரெல்லாம் பேச்சு. எதிரில் ஈஸ்ட் பெங்கால், பயிற்சியாளர் ரஹீமின் பழைய மாணவர் அதே பி.கே. பானர்ஜி. பார்க்கக் கூடியவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். பாய்சுங் பூட்டியா மூன்று கோலடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. வடிவத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் எதிராளிக்கும் அது மனப்பாடம் ஆகிவிடுகிறது.

1974ல் நெதர்லாந்து ஆடிய ‘முழுமைக் கால்பந்து’ எவரும் எவர் இடத்துக்கும் போகலாம் என்றது. கேட்கச் சுதந்திரமாக இருக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தை ஒரு சூப்பர்வைசர் வாயில் வைத்துப் பாருங்கள்: எல்லா மெஷினும் ஓட்டத் தெரிந்த ஆள்தான் வேணும், ரேட்டு அதேதான். இடம் மாறுவதில் விடுதலை இல்லை. மாறச்சொல்வது யார், மாறியவரின் பழைய வேலை யார் தலையில் விழுகிறது, அதற்கு என்ன கூலி என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அடுத்தமுறை 4-3-3 என்று யாராவது சொன்னால் பந்திருக்கும் பக்கம் பார்க்கவேண்டாம். காலியான இடத்தை நோக்கி ஓடுகிறவரைப் பாருங்கள்.