கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ். லாபமா, நஷ்டமா?

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு அருகே உள்ள லாமிங்டன் ரோடு, கம்ப்யூட்டர் உதிரிபாகங்களுக்குப் பெயர்போன கடைவீதி. பிள்ளைகளின் படிப்புக்காகச் சீட்டு எடுத்தும், போனஸை ஒதுக்கி வைத்தும் அங்கே போகும் தமிழர்கள் உண்டு. பிராஸசர் எது, மெமரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. கேபினட்டின் பின்புறம் மின்விசிறியோடு உட்கார்ந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிதான் அது. "கேபினட்டோடு சேர்ந்தே வருகிறது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் தான் மட்டும் போவதில்லை. மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட இழுத்துக்கொண்டு போய்விடக் கூடும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். முதலில் ஏ.சி.யை 300 வோல்ட்டுக்கும் அதிகமான டி.சி.யாக மாற்றுகிறது. பிறகு அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டித்து, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்பி, வேண்டிய அளவுக்கு இறக்குகிறது.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும், சுவிட்ச் போட்டிருக்கும் வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே கேபினட்டுக்குள் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையோ வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்ஸர்களில் ஆளை வீழ்த்தும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

வயரும் கனெக்டரும்

1995-ல் இன்டெல் கம்பெனி வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையே இன்றும் பெரும்பாலும் வழக்கில் உள்ளது. இதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். புது மாடல்கள் சிலவற்றில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும்.

மதர்போர்டுக்குப் போவது 24 பின் கனெக்டர். பழையவற்றில் 20 பின். பிராஸசருக்குத் தனியாக 4 அல்லது 8 பின் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் கனெக்டர் 75 வாட்டும், 8 பின் 150 வாட்டும் கொடுக்கும். ஹார்டு டிஸ்க்குக்குத் தட்டையான 15 பின் சாட்டா கனெக்டர். பழைய டிஸ்க்குகளுக்கு 4 பின் உள்ளது. கடைவீதியில் அதற்கு மோலெக்ஸ் என்று பெயர்.

பிராஸசரின் 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே இறுக்கமாக இருந்தால் அழுத்திச் சொருகக் கூடாது.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் பெட்டிகளில் இன்னும் கவனம் தேவை. ஒரு கம்பெனி கேபிள் இன்னொரு கம்பெனி பெட்டியில் சரியாகப் பொருந்தலாம். மின்சாரம் வரும் பின் மாறியிருக்கும். சுவிட்ச் போட்டதும் டிஸ்க் கருகும். அதிலிருந்த பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் அதோடு போகும்.

லேபிளைப் படியுங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக "500 வாட்" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்க வேண்டும். 30 ஆம்பியர் என்றால் 360 வாட். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பகுதி மின்சாரத்தை இந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன.

2004-ல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையும் கவனிக்கத் தக்கது. 80 சதவீதத் திறனுள்ள பெட்டி 200 வாட் கொடுக்க 250 வாட் இழுக்கும். மீதி 50 வாட் வெறும் சூடு. திறன் குறையக் குறைய, சூடும் கரண்ட் பில்லும் ஏறும்.

செகண்ட்ஹாண்ட் வாங்குவோர் பின்புறம் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 115-ல் இருக்க, நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் பெட்டி வெடித்துப் புகைந்துவிடும்.

பழைய சால் வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறது என்று சொல்வார்கள். பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லாததே காரணம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்து மாட்டுவது ஆபத்து. கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவருமுன் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பது நல்லது. பிள்ளைகள் தொடும் சாமான் அது.