டவரா, காதோரம் இருக்கும் போனா?

தெருவில் 5ஜி டவர் வேண்டாம்னு ஒரு மனு. பக்கத்து வீட்டு அண்ணன் என்னிடமும் கையெழுத்து கேட்டார். "ரெண்டு நாள் குடுங்கண்ணே, படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்" என்றேன்.

எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி ரேடியோ அலைக்குக் கிடையாது. நிரூபணமான விளைவு, அளவு மீறினால் உடம்புத் திசு சூடாவதுதான். அப்புறம் ஏன் பயம்? 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 2பி பிரிவில் சேர்த்தது. அதாவது சான்று குறைவு, சந்தேகம் தீரவில்லை. 2024-ல் அதே நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வுத் தொகுப்பு, மொபைலுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. 5ஜி-க்கென்றே நடந்த நீண்டகால ஆய்வுகள் இன்னும் குறைவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. தூரம் இரட்டிப்பானால் அலையின் வலிமை கால்வாசி ஆகிவிடும். டவர் பல மீட்டர் தள்ளி. போனோ காதை ஒட்டி. சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அண்ணனுக்கு வருத்தம்தான். "டவர் தள்ளிப் போனா, நம்ம காதுல இருக்கிற போன் இன்னும் சத்தமா கத்தணும்ணே. பயமா இருந்தா ஸ்பீக்கர்ல பேசுங்க" என்றேன்.