அசையும் திரை: நொடிக்கு எத்தனை படம் தேவை?



கணினியைத் திறந்ததும் முதலில் உங்கள் கண்ணில் படுவது எது? திரையை நிறைத்திருக்கும் பின்னணிப் படம்தான். சிலர் குடும்பப் படம் வைத்திருப்பீர்கள். சிலர் பிடித்த காற்பந்துக் குழுவின் படம் வைத்திருப்பீர்கள். அந்தப் படம் அசைந்தால் எப்படி இருக்கும்? அருவி விழுந்துகொண்டே இருக்கும், மேகங்கள் நகரும், மழைத்துளிகள் கண்ணாடியில் வழியும். லினக்ஸ் கணினியில் ஒரு காசும் செலவழிக்காமல் இதைச் செய்துகொள்ளலாம்.

ஆனால், தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அசையாத பின்னணி வெறும் ஒரு படக்கோப்பு. கணினி அதை ஒருமுறை திரையில் வரைந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். அசையும் பின்னணி அப்படியன்று. அது ஒரு நிரல். நீங்கள் கட்டுரை எழுதும்போதும், கணக்குப் போடும்போதும், அதுவும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் எதற்கும் ஆற்றல் வேண்டும். ஆற்றல் செலவானால் வெப்பம் வரும். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.

இதைப் பற்றி இப்போது பேசக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் குப்பையில் போடாமல் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம். அண்ணனின் பழைய மடிக்கணினி இப்படித்தான் தம்பி கைக்கு வந்து சேரும். அந்தப் பழைய கணினியின் முதுகில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

லினக்ஸில் திரை எப்படி வரையப்படுகிறது?

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டார். லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கரு மட்டுமே. நாம் பார்க்கும் சன்னல்கள், பொத்தான்கள், பின்னணிப் படம் ஆகியவற்றைத் தருவது அதன்மேல் இயங்கும் திரைச்சூழல். கேடிஇ பிளாஸ்மா, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, சினமன் எனப் பல திரைச்சூழல்கள் உள்ளன. ஒன்றில் எளிதாக நடப்பது மற்றொன்றில் சுற்றி வளைத்து நடக்கும்.

இவற்றுக்கும் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. எக்ஸ் என்னும் சன்னல் அமைப்பு 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி கழகத்தில் பிறந்தது. அதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதனால்தான் எக்ஸ்11 என்கிறோம். எக்ஸ்11-இல் எல்லாச் சன்னல்களுக்கும் அடியில் ‘வேர்ச் சன்னல்’ ஒன்று இருக்கும். மேசைமேல் விரித்த துணிபோல அது கிடக்கும். மற்றச் சன்னல்கள் அதன்மேல் வைத்த புத்தகங்கள். அந்தத் துணியின்மேல் படம் வரைந்தால் அதுவே பின்னணி. படத்தை மாற்றி மாற்றி வரைந்தால் அசையும் பின்னணி. 2008-இல் தொடங்கப்பட்ட வேலண்ட் என்னும் புதிய முறை இப்போது எக்ஸ்11-இன் இடத்தைப் பிடித்து வருகிறது. அதில் வேர்ச் சன்னல் இல்லை. எக்ஸ்11-க்காக எழுதிய பழைய கருவிகள் சில வேலண்டில் இயங்காததற்கு இதுவே காரணம்.

ஆகவே, முதல் வேலை: கணினியின் அமைப்புகள் பகுதியில் ‘அபௌட்’ என்னும் பக்கத்தைத் திறந்து, உங்களுடையது எந்தத் திரைச்சூழல், எக்ஸ்11-ஆ வேலண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமைக்கும் வழிகள்

கேடிஇ பிளாஸ்மா: திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, திரையையும் பின்னணியையும் அமைக்கும் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே பின்னணியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும். ‘ஸ்லைட்ஷோ’ வகை, ஒரு கோப்புறையில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டும். ‘அன்றைய படம்’ வகை, நாசாவின் அன்றைய வானியல் படத்தை நாள்தோறும் கொண்டுவந்து வைக்கும். காணொளியே வேண்டுமென்றால் ‘ஸ்மார்ட் வீடியோ வால்பேப்பர் ரீபார்ன்’ என்னும் செருகுநிரலை நிறுவலாம். அதில் ஒரு நல்ல வசதி உண்டு: வேறொரு சன்னல் திரை முழுவதையும் மறைத்தால் காணொளி தானாக நின்றுவிடும்.

க்னோம்: உபுண்டு கணினியில் பொதுவாக இருப்பது இதுதான். இதில் காணொளிப் பின்னணிக்கு உள்வசதி இல்லை. ஃபிளாட்ஹப் என்னும் மென்பொருள் தொகுப்பில் உள்ள ஹிடமாரி என்னும் செயலியை நிறுவிக்கொள்ளலாம். ஹிடமாரி என்றால் ஜப்பானிய மொழியில் ‘வெயில் விழும் இடம்’ என்று பொருள்.

எக்ஸ்எஃப்சிஇ, சினமன்: பழைய கணினிகளுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ, லினக்ஸ் மின்டில் வரும் சினமன் இரண்டிலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை படத்தை மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. எக்ஸ்11-இல் இயங்கும்போது எக்ஸ்வின்ராப், எம்பிவி என்னும் இரண்டு கருவிகளைச் சேர்த்துக் காணொளியையும் ஓட்டலாம்.

எதைப் பயன்படுத்தினாலும் மூன்றைக் கவனியுங்கள். காணொளியின் அளவு உங்கள் திரையின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். ஒலியை அடைத்துவிடுங்கள். மற்றவர் எடுத்த காணொளியைவிட, நீங்களே கைப்பேசியை அசையாமல் நிறுத்தி வைத்து எடுத்த 10 நொடிக் காட்சி நல்லது. பதிப்புரிமைச் சிக்கல் வராது.

ஒரு நொடியில் என்ன நடக்கிறது?

இனி அறிவியலுக்கு வருவோம். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் மொத்தம் 2,073,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் தேவை. ஆகவே, ஒரு படத்துக்குச் சுமார் 6.2 மெகாபைட். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. மூளை அவற்றை இணைத்து அசைவாகப் புரிந்துகொள்கிறது. கணினிக் காணொளி பலவும் நொடிக்கு 30 படங்கள். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் தகவலைத் திரையில் கொட்ட வேண்டும்!

ஆனால், காணொளிக் கோப்பு அவ்வளவு பெரிதாக இருப்பதில்லையே? அதற்குக் காரணம் சுருக்கமுறை. 2003-இல் வந்த எச்.264 போன்ற முறைகள், முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் சேமிக்கின்றன. அருவி விழும் காட்சியில் பாறை அசைவதில்லை. அதை மீண்டும் மீண்டும் எழுதி வைக்க வேண்டியதில்லை. ஆனால், சுருக்கிய தகவலைத் திரும்ப விரித்தால்தான் படம் கிடைக்கும். விரிப்பதற்கென்றே தனிச் சுற்று வரைகலைச் செயலியில் இருந்து, லினக்ஸும் அதைப் பயன்படுத்தினால், சுமை குறைவு. இல்லையென்றால் மையச் செயலிதான் அந்த வேலையையும் இழுத்துச் செய்ய வேண்டும். ஒரே காணொளி நண்பனின் கணினியில் சத்தமில்லாமல் ஓடுவதும், உங்கள் கணினியில் விசிறி இரைச்சலோடு ஓடுவதும் இதனால்தான்.

இது மின்கலத்தை எப்படிப் பாதிக்கும்? ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் மடிக்கணினியின் மின்கலம் 50 வாட் மணி ஆற்றல் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கணினி 10 வாட் எடுத்தால் 5 மணி நேரம் தாங்கும். அசையும் பின்னணி கூடுதலாக 5 வாட் எடுத்தால் மொத்தம் 15 வாட். மின்கலம் 3 மணி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அழகுக்காக ஒரு மணி 40 நிமிடத்தை இழக்கத் தயாரா? மின்செருகி அருகில் இல்லாத நூலகத்தில் உட்கார்ந்து படைப்பை முடிக்கும் நாளில் இந்தக் கேள்விக்கு விடை தானாகத் தெரியும்.

வேகம் எவ்வளவு தேவை?

நொடிக்கு 30 படம் என்பது அருவிக்குத் தேவை. எல்லாவற்றுக்கும் தேவையா? பூமியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிளானட் என்னும் கட்டற்ற மென்பொருள், பூமியில் இந்த நிமிடம் எங்கே பகல், எங்கே இரவு என்பதைக் கணித்து உலகப் படமாக வரையும். அதைப் பின்னணியாக வைக்கலாம். இந்தப் படத்தை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

கணக்கிட்டுப் பாருங்கள். பூமி ஒருமுறை சூரியனுக்கு முகம் காட்டிச் சுற்றிவர ஒரு நாள், அதாவது 86,400 நொடி. உலகப் படம் திரையின் அகலத்தில் 1920 படப்புள்ளிகளாக விரிந்திருக்கிறது. 86,400-ஐ 1920-ஆல் வகுத்தால் 45. ஆக, பகல் இரவு எல்லை ஒரே ஒரு படப்புள்ளி நகர 45 நொடி ஆகும். அதைவிட வேகமாகப் புதுப்பித்தாலும் உங்கள் கண்ணுக்குப் புதிதாக எதுவும் தெரியாது. அதே 45 நொடியில் ஒரு காணொளி 1,350 படங்களை வரைந்து முடித்திருக்கும்.

இந்த ஒரு படம் சொல்லித்தரும் பாடமும் பெரிது. நீள்சதுர உலகப் படத்தில், மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமஇரவு நாள்களில் பகல் இரவு எல்லை நேர்க்கோடாக நிற்கும். ஜூனிலும் டிசம்பரிலும் அது அலைபோல வளையும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நமக்கோ ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இன்னொன்றும் கவனிக்கலாம். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.13 அளவில், 12 மணிக்கு அன்று. சிங்கப்பூரில் அது 1.05 அளவில். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாயின. கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை.

அழகுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

அசையும் பின்னணி ஒரு நிரல் என்று முதலிலேயே சொன்னேன். நிரல் என்றால் நம் கோப்புகளையும் தொட முடியும். 2009 டிசம்பரில் க்னோம்-லுக் தளத்தில் ‘வாட்டர்ஃபால்’ என்ற பெயரில் ஒரு திரைக்காப்பு இருந்தது. அருவியைப் பார்க்கலாம் என்று நிறுவியவர்களின் கணினிகள், பிறர் தளங்களைத் தாக்கும் வேலைக்குப் பயன்படும்படி உள்ளே தீய நிரல் வைக்கப்பட்டிருந்தது. 2024 மார்ச்சில் கேடிஇ பிளாஸ்மாவுக்காக வெளியார் ஒருவர் உருவாக்கிய தோற்றத்தொகுப்பை நிறுவிய ஒரு பயனரின் கோப்புகள் அழிந்துபோயின. அது திட்டமிட்ட தீங்கு அன்று, பிழையான நிரல். ஆனால், கோப்புகளை இழந்தவருக்கு இரண்டும் ஒன்றுதானே?

எனவே, லினக்ஸ் வெளியீட்டின் சொந்தக் களஞ்சியத்தில் கிடைப்பதை முதலில் தேடுங்கள். வெளியார் செருகுநிரல் என்றால் யார் எழுதியது, எவ்வளவு காலமாகப் பலர் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒரு பின்னணிப் படம் நிர்வாகியின் கடவுச்சொல்லை ஏன் கேட்கிறது என்று யோசியுங்கள். பொருள் புரியாத கட்டளையை நகலெடுத்து ஒட்டாதீர்கள். பாடக்கோப்புகளை முன்பே ஒரு விரலியில் படியெடுத்து வையுங்கள். பள்ளிக் கணினியாக இருந்தால் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் எதையும் நிறுவக்கூடாது.

நீங்களே சோதியுங்கள்

தமிழ்ப்பள்ளியில் கற்ற மாறிகள் நினைவிருக்கிறதா? இதோ ஓர் ஆய்வு. தற்சார்பு மாறி: பின்னணியின் வகை (அசையாத படம், 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் படம், காணொளி). சார்பு மாறி: மையச் செயலியின் பயன்பாட்டு விழுக்காடும், 30 நிமிடத்தில் குறைந்த மின்கல அளவும். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: ஒரே கணினி, ஒரே திரை ஒளி அளவு, இணையம் அணைக்கப்பட்ட நிலை, வேறு செயலி எதுவும் திறக்கப்படாமை.

ஒவ்வொரு முறையும் மின்கலத்தை முழுமையாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். ‘சிஸ்டம் மானிட்டர்’ என்னும் கருவி செயலியின் பயன்பாட்டைக் காட்டும். அந்தக் கருவியும் ஒரு நிரல்தான் என்பதால், மூன்று முறையும் அதைத் திறந்தே வையுங்கள். அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். பின்னணி தெரியும்படி கருவியின் சன்னலைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையையும் மூன்று முறை சோதித்துச் சராசரியை அட்டவணையில் எழுதுங்கள்.

வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தால் உங்கள் கணினியில் அருவி தாராளமாக விழட்டும். பெரிதாக இருந்தால், 45 நொடிக்கு ஒருமுறை நகரும் பூமி உங்களுக்குப் போதும். எதுவாக இருந்தாலும், முடிவை உங்கள் அட்டவணை சொல்லட்டும். அதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டத் தவறாதீர்கள்.