கடற்பாசியும் நுண்ணங்கிகளும்

கடலில் இடப்பட்ட எப்பொருளும் நெடுநேரம் வெறுமையாய் இருப்பதில்லை. புதிதாக நீரில் இறக்கப்பட்ட தோணியின் அடிப்பலகையிற் சில மணி நேரத்துள் பற்றீரியாக்கள் படிகின்றன. அவற்றின் மேல் நுண்ணிய தாவரங்கள் குடியேறுகின்றன. சில கிழமைகளின் பின் ஓடுடைய சிற்றுயிர்கள் வந்து ஒட்டுகின்றன. கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்பதை நோக்கின், இதில் வியப்பதற்கு யாதுமில்லை.

வியப்புக்குரியது பிறிதொன்று. பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் கடற்பாசிக்கு ஓடி ஒளிய இயலாது. நோய்க்கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் அதனிடத்தில் இல்லை. அதன் மெல்லிய உடலோ பற்றீரியாக்களுக்கு ஏற்ற உணவு. அங்ஙனமிருந்தும் சில பாசியினங்களின் இலைபோன்ற உறுப்புக்கள், சுற்றியுள்ள பாறைகள் யாவும் அழுக்கேறிக் கிடக்கையில், தாம் மட்டும் தூயனவாய் அசைகின்றன. இவற்றைக் காப்பது யாது? இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே, கடற்பாசிகளின் நுண்ணங்கி எதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சியின் சுவை மிக்க பகுதியாகும்.

ஆய்வுகூடத்தில் ஒரு கடற்பாசி

கடற்பாசிக்கும் நுண்ணங்கியியலுக்கும் உள்ள தொடர்பு மருந்தாராய்ச்சியோடு தொடங்கியதன்று. 1881 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் றொபேட் கொக்கு என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்தில் வால்தர் எசே என்பவர் பணியாற்றினார். பற்றீரியாக்களை வளர்த்தற்கு அக்காலத்திற் பயன்பட்ட செலற்றின் கூழ் வெப்பநாட்களில் உருகி ஓடியது. சில பற்றீரியாக்கள் அதனையே செரித்து நீராக்கின. இத்தொல்லைக்குத் தீர்வு கூறியவர் எசேயின் மனைவியாராகிய பனி எசே. அவர் இனிப்புக் கூழ் உறையச் செய்தற்கு ஏகார் என்னும் கடற்பாசிப் பொருளைத் தம் அடுக்களையிற் பயன்படுத்தி வந்தார். யாவாத்தீவில் வாழ்ந்திருந்த ஒல்லாந்தர் குடும்பமொன்றின் வாயிலாக அவர் அதனை அறிந்திருந்தார். ஏறக்குறைய 85 பாகை சதமவளவையில் உருகும் ஏகார், மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகையில் உறுதியாய் உறைந்து நிற்கும். பெரும்பாலான பற்றீரியாக்களால் அது செரிக்கப்படுவதுமில்லை. 1882 இல் கொக்கு கசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் ஏகாரின் பயன் குறிக்கப்பட்டது. அவ்வம்மையாரின் பெயர் குறிக்கப்படவில்லை.

நோன்பு திறக்கும் வேளையில் முசிலிம் இல்லங்களிற் பரிமாறப்படும் 'கடற்பாசி' இந்த ஏகாரே. இலங்கைக் கரையோரக் களப்புகளில் வளரும் கிரசிலேரியா இனப் பாசியிலிருந்தும் ஏகார் பெறப்படுகின்றது. அப்பாசி 'இலங்கைப் பாசி' என்ற பெயராலேயே மேனாட்டு வணிகரிடையே அறியப்பட்டிருந்தது.

இன்றும் ஒரு பொருள் பற்றீரியாவைக் கொல்லுமா என அறிய விரும்புவோர் ஏகார்த் தட்டையே நாடுகின்றனர். தட்டின் மேல் பற்றீரியாக்களைப் பரப்பி, ஆராயப்படும் சாற்றில் தோய்த்த சிறு கடதாசி வட்டத்தை அதன் நடுவில் வைப்பர். மறுநாள் வட்டத்தைச் சூழ வளர்ச்சியற்ற தெளிந்த வளையம் தோன்றின், சாறு ஆற்றலுடையது எனக் கொள்வர். இம்முறையால் உலகின் பல கடற்கரைகளிலிருந்தும் எடுத்த பாசிகள் ஆராயப்பட்டுள்ளன. எனினும் இவ்வளையத்தைக் கண்டு விரைந்து முடிவு கட்டுதல் தகாது. பாசியைக் கரைத்தெடுக்க உதவிய மதுசாரமே பற்றீரியாவைக் கொன்றிருத்தல் கூடும். ஆதலின் மதுசாரம் மட்டும் தோய்ந்த வட்டமொன்றும் உடன் வைக்கப்படல் வேண்டும். பற்றீரியாவைக் கொல்லும் பொருள் மனிதக் கலத்தையும் கொல்லுமாயின் அது நஞ்சேயன்றி மருந்தாகாது. இவற்றினும் நுட்பமான குறையொன்று உண்டு: கொல்லாமலே காக்கும் பொருளை இம்முறை காட்டித் தராது. அவ்வாறான பொருளும் உண்டோ எனின், உண்டு.

சிட்னிக் கடலின் சிவப்புப் பாசி

அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையோரப் பாறைகளில் டெலிசியா புல்கிறா என்னும் செந்நிறப் பாசி வளர்கின்றது. 1977 இல் இவ்வினத்திலிருந்து அலசனேற்றிய பியூரனோன்கள் என்னும் சேதனச் சேர்வைகள் பிரித்தெடுக்கப்பட்டன. கடல் நீரிலுள்ள புரோமீனைப் பாசி தன்னுட் கொண்டு இச்சேர்வைகளை ஆக்குகின்றது. சிறப்பான சுரப்பிக் கலங்களிற் சேமிக்கப்படும் இவை, பாசியின் மேற்பரப்பிலும் மென்படையாய்ப் பரவி நிற்கின்றன.

1990 ஆம் ஆண்டுகளில் சிட்னி நகரின் நியூ சவுத்து வேல்சுப் பல்கலைக்கழகத்துப் பீற்றர் இசுற்றைன்பேக்கு, இசுத்தபான் செலபேர்க்கு, றொக்கி டி நைசு ஆகியோர் இப்பாசியை ஆராய்ந்தனர். பாசி தூய்மையாய் இருப்பதற்கு இச்சேர்வைகளே காரணம் என நிறுவுவது எங்ஙனம்? இதற்கெனக் கையாளப்பட்ட முறை எளியது, அழகியது. புரோமைட்டு நீக்கப்பட்ட செயற்கைக் கடல்நீரில் பாசி வளர்க்கப்பட்டது. மூலப்பொருள் இன்மையால் அப்பாசி பியூரனோன்களை ஆக்கவில்லை. பின்னர் இரு வகைப் பாசிகளையும் ஒப்புநோக்கிய ஆய்வாளர், சேர்வையற்ற பாசியின் மீதே பிறவுயிர்கள் மிகுதியாய்ப் படிந்தமையைக் கண்டனர்.

பற்றீரியாக்களின் கூட்ட நடப்பெண்

பியூரனோன்கள் செயற்படும் வகையை விளங்குதற்குப் பற்றீரியாக்களின் இயல்பொன்றை அறிதல் வேண்டும். விப்பிரியோ பிசெரி என்னும் கடற் பற்றீரியா ஒளிவீசும் தன்மையது. அவாயித் தீவின் சிறு கணவாயொன்றின் உடலுள் அது நெருங்கி வாழும்போது ஒளிர்கின்றது. பெருங்கடலிலே தனித்து மிதக்கும்போது ஒளிர்வதில்லை. 1970 இல் நீல்சன், பிளாற்று, ஏசுற்றிங்சு என்போர் இவ்வொளியின் தோற்றத்தை ஆராய்ந்து, ஒவ்வொரு பற்றீரியாவும் ஒருவகைச் சைகைப் பொருளைச் சுற்றிலும் வெளிவிடுகின்றது எனவும், அப்பொருள் போதிய செறிவை அடைந்தபின்னரே ஒளி தோன்றுகின்றது எனவும் காட்டினர்.

சபையொன்றிற் கூட்ட நடப்பெண் நிறையுமுன் தீர்மானம் எடுக்கப்படுவதில்லை. பற்றீரியாக்களும் அன்னவையே. தம் தொகை போதாதபோது அவை அடங்கியிருக்கின்றன. தொகை நிறைந்ததும் ஒருங்கே செயற்படுகின்றன. ஒளிவீசல் மட்டுமன்று, நஞ்சு சுரத்தல், கூட்டமாய் ஊர்ந்து பரவுதல் முதலாய செயல்களும் பல இனங்களில் இம்முறையாலேயே ஆளப்படுகின்றன. தனியொரு பற்றீரியா நஞ்சு சுரப்பின் உடலின் காவற் கலங்கள் அதனை எளிதில் அழித்துவிடும். பல கோடி ஒருங்கே சுரப்பின் உடல் தளரும். ஆதலின் காத்திருத்தல் அவற்றுக்கு ஆதாயமாகின்றது.

பியூரனோனின் மூலக்கூறு இச்சைகைப் பொருளை அமைப்பில் ஓரளவு ஒத்தது. சைகையை ஏற்கும் புரதத்தை அது தாக்குகின்றது. தாக்குண்ட புரதம் நிலைகுலைந்து விரைவில் அழிகின்றது. பற்றீரியா உயிரோடு இருக்கின்றது. ஆயின் தன் இனத்தின் குரல் அதற்குக் கேட்பதில்லை. தொகை நிறைந்தும் நிறைந்தமை அறியாது அது வாளாவிருக்கின்றது. டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கல் கிவ்சுக்கோவும் சிட்னி ஆய்வாளரும் 1996 இல் இக்கருத்துக்குச் சான்று வெளியிட்டனர். உயர்ந்த செறிவில் பியூரனோன் பற்றீரியாக்களின் வளர்ச்சியையும் தடுக்கும். ஆயின் அதன் தனிச்சிறப்பு, கொல்லாத தாழ்ந்த செறிவிலேயே விளங்குகின்றது. ஏகார்த் தட்டில் தெளிந்த வளையத்தை மட்டும் தேடியிருப்பின் இச்சிறப்பு புலப்பட்டிராது.

கொல்லாமையின் பயன்

பற்றீரியாவைக் கொல்லும் மருந்து உலகிற் பலவிருக்க, கொல்லாத மருந்தை நாடுவது ஏன் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. 1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெச்சாந்தர் பிளெமிங், 1945 இல் நோபெற் பரிசு பெற்ற போது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்போர் தம்முடலிற் பெனிசிலினுக்கு அஞ்சாத கிருமிகளை வளர்த்துவிடுவர் என எச்சரித்தார். எச்சரித்தவாறே நிகழ்ந்தது. மருந்து பெரும்பாலான கிருமிகளை அழிக்கையில், தற்செயலாய் எதிர்ப்பாற்றல் பெற்ற சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. 2019 ஆம் ஆண்டில் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்கள் மருந்தெதிர்ப்புப் பற்றீரியாக்களால் நேரடியாக விளைந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. கிருமியைக் கொல்லாது அதன் தீச்செயலை மட்டும் தடுப்பின், எதிர்ப்பாற்றலுடையவற்றைத் தெரிந்தெடுக்கும் நெருக்குதல் குறையும் என ஆய்வாளர் எதிர்பார்த்தனர்.

சூடோமோனாசு எருசினோசா என்னும் பற்றீரியா, நலிந்தோரின் நுரையீரலிலும் தீப்புண்ணிலும் பசைபோன்ற உயிர்ப்படலம் அமைத்து வாழ்வது. அப்படலத்துள் மருந்து எளிதில் ஊடுருவாது. பாசியின் சேர்வையை மாதிரியாகக் கொண்டு ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட பியூரனோன், இவ்வுயிர்ப்படலத்தைத் தொபிறமைசின் என்னும் மருந்துக்கு எளிதில் இலக்காக்கியது. அக்கிருமி தொற்றிய சுண்டெலிகளின் நுரையீரலிலிருந்து கிருமிகள் விரைவில் நீங்கவும் அது உதவியது. இச்செய்தி 2003 இல் வெளியாயிற்று.

எதிர்நின்ற தடைகள்

ஆயினும் இச்சேர்வை மருந்துக்கடையை அடைந்திலது. அலசனேற்றிய பியூரனோன்கள் தாக்குதிறன் மிக்கவை. விலங்குக் கலங்களுக்கும் தீங்கு செய்யவல்லவை. பாறையிலுள்ள பாசிக்கு அவற்றை மேற்பரப்பில் மட்டும் பூசிக்கொள்ளுதல் போதும். மனிதனின் குருதியிலே கலப்பதோ வேறு. மேலும், பற்றீரியாக்கள் இச்சேர்வைக்கும் எதிர்ப்பாற்றல் பெறக்கூடும் என 2012 இல் வெளியான ஆய்வு காட்டிற்று: அவற்றுட் சில, உட்புகுந்த சேர்வையை வெளியே இறைக்கும் புரதங்களை மிகுதியாக ஆக்கிக்கொண்டன. கொல்லாத மருந்துக்கு எதிர்ப்பே தோன்றாது என்னும் நம்பிக்கை இவ்வாறு தளர்ந்தது.

பிறிதொரு கடற்பாசிப் பொருளின் வரலாறும் இங்கு நினைத்தற்குரியது. செம்பாசிகளிலிருந்து பெறப்படும் கராசினான், எச்.ஐ.வி. வைரசு கலங்களிற் புகுவதை ஆய்வுகூடக் கண்ணாடிக் கலன்களில் தடுத்தது. தென்னாபிரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய சோதனையிலோ அது தொற்றைத் தடுக்கவில்லை என 2008 இல் அறிவிக்கப்பட்டது. கண்ணாடிக் கலனுக்கும் மனித உடலுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. கடற்பாசிச் சாறு யாவும் அருமருந்து எனப் பறைசாற்றுவோர் இதனை மறத்தலாகாது.

வெப்பமுறும் கடல்

டெலிசியாவின் கதை ஈண்டும் முடியவில்லை. கோடை காலத்திற் சிட்னியை அடுத்த கடலில் இப்பாசிகள் சில நிறமிழந்து வெளிறுவதை ஆய்வாளர் கண்டனர். நீர் வெப்பமுறும்போது பாசியின் பியூரனோன் அளவு குறைகின்றது. அதே வெப்பத்திற் சில பற்றீரியாக்கள் நோய் விளைக்கும் தன்மையைப் பெறுகின்றன. காவல் தளர்வதும் பகை வலுப்பதும் ஒரே வேளையில் நிகழ, பாசி வெளிறுகின்றது. 2011 இல் வெளியான ஆய்வுகள் இதனை நிறுவின. புரோமைட்டின்றி வளர்த்த பாசிகளே இச்சோதனையிலும் உதவின என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே பாசியின் காவல் நிலையான மதிலன்று. நீரின் வெப்பம், நீரிலுள்ள பொருள்கள், சூழவுள்ள நுண்ணங்கிகள் ஆகியவற்றின் சமநிலையில் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. கடல் தன் இயல்பில் இருக்கும்வரையே அதன் மருந்துப் பேழையும் திறந்திருக்கும். இதுகாறும் ஆராயப்படாத பாசிகள் இன்னும் பல உள. அவற்றுள் எதனிடத்து எவ்வாற்றல் மறைந்துள்ளது என்பதை அறியுமுன்னே அவை வெளிறி அழியின், அவ்விழப்பை ஈடு செய்ய எந்த ஆய்வுகூடத்தாலும் இயலாது.

பகையை அழித்தலே காவல் என மனிதன் எண்ணினான். பகையை ஒன்றுகூட விடாமையும் காவலே என்பதை ஒரு செம்பாசி காட்டிற்று. அப்பாடத்திலிருந்து மருந்தொன்று பிறக்குமாயின், அது பொறுமையோடு சோதித்தறிந்தவர் உழைப்பின் பயனாகவே பிறக்கும்.