சிறு செலவில் வண்ணப் பூந்தோட்டம்

தோட்டம் அமைப்பதற்குப் பரந்த நிலமும் மிகுந்த பொருளும் வேண்டும் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றி இருக்கிறது. இவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு டில்லியின் கரோல் பாக் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அப்பகுதியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பால்கனியோ, மொட்டைமாடியின் ஒரு மூலையோதான். அதற்கு மேற்கே இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1905இல் பீகாரிலுள்ள பூசாவில் தோன்றிய இந்நிலையம், 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் சேதமுற்று, 1936இல் டில்லிக்கு மாற்றப்பட்டது. அங்கே உருவான ‘பூசா நாரங்கி’, ‘பூசா பசந்தி’ என்னும் செண்டுமல்லி வகைகள் முறையே ஆரஞ்சு நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் பூப்பவை.

வெயிலும் நிழலும்

திட்டமிடுவதில் முதற்படி, வெயில் விழும் இடத்தை அறிவதாகும். டில்லியில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். டிசம்பரிலோ தென்திசையில் 38 பாகை உயரத்துக்கே எழும். ஆகையால் 3 மீட்டர் உயரமுள்ள தெற்குச் சுவரின் நிழல், ஜூன் நண்பகலில் அரை மீட்டர்கூட இராது. டிசம்பரில் ஏறத்தாழ 4 மீட்டர் வரை நீளும். குளிர்காலப் பூக்களுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. எனவே கோடையில் வெயில் பட்ட இடத்தை நம்பித் தொட்டிகளை வைப்பவர் குளிர்காலத்தில் ஏமாற நேரும்.

பருவமும் செலவும்

டில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். ஜனவரி இரவுகளில் அது 7 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பூக்கும் கனகாம்பரம் இக்குளிரில் வாடிவிடும். பிப்ரவரியில் பூத்து நிற்கும் பெட்டூனியாச் செடிகளைக் கண்டு ஆசைப்பட்டு வாங்குவோர் பலர். அவை ஏப்ரல் வெப்பத்தில் மடிந்துபோகும். கொடுத்த பணம் இரண்டு மாதத்தில் வீணாகும். அதே செடியின் விதையைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நாற்றுவிட்டால், சிறு செலவில் குளிர்காலத்தின் பிற்பகுதி முழுவதும் பூக்களைப் பெறலாம்.

ஆகவே ஆண்டுக்கு மூன்று விதைப்புகள் போதும். செப்டம்பர், அக்டோபரில் பெட்டூனியா, பிளாக்ஸ், காலெண்டுலா ஆகியவற்றையும், பிப்ரவரி, மார்ச்சில் ஜின்னியா, வாடாமல்லி ஆகியவற்றையும், ஜூனில் காசித்தும்பை, கோழிக்கொண்டை ஆகியவற்றையும் விதைக்கலாம். காசித்தும்பை, வாடாமல்லி முதலியவற்றின் முற்றிய விதைகளை உலர்த்தி வைத்துக்கொண்டால் மறு ஆண்டு விதைச் செலவு இல்லை. கலப்பின வித்துக்களிலிருந்து வந்த செடிகளின் விதையோ தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை.

பத்துத் தொட்டிகள் கொண்ட தோட்டத்தில் ஒன்றைப் போகன்வில்லாவுக்கும், ஒன்றை ரோஜாவுக்கும், இரண்டைச் சாமந்திக்கும் நிலையாக ஒதுக்கி, எஞ்சிய ஆறில் பருவப் பூக்களை வளர்ப்பது நலம். போகன்வில்லா சிறிது நீரைக் கொண்டே கடுங்கோடையைத் தாங்கி நிற்கும். சாமந்தி, பகற்பொழுது குறைந்து இரவு நீளும்போது அரும்பு கொள்ளும் இயல்புடையது. கடைத்தெரு விளக்கொளி இரவு முழுவதும் அதன்மீது விழுந்தால் அரும்பு கட்டுவது தடைப்படலாம். அத்தகைய தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றினால் போதும்.

எச்சரிக்கைகள் இரண்டு

மாடியில் மண்ணைப் பரப்பிப் பாத்தி கட்டுவது ஆபத்தானது. நனைந்த மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பப்பட்டால், ஒரு சதுர மீட்டரில் அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம் ஆகும். மக்கள் நடமாடும் மாடித் தளத்துக்குப் பொதுவாகக் கணக்கிடப்படும் சுமையோ சதுர மீட்டருக்கு 150 கிலோகிராம் அளவே. ஆதலால் தொட்டிகளைப் பயன்படுத்தி, அவற்றைச் சுவரோரமாக வைத்தலே தக்கது. மண்ணின் ஒரு பகுதிக்கு ஈடாக மக்கிய இலையுரத்தைச் சேர்த்தால் எடையும் குறையும்; செடியும் செழிக்கும்.

மற்றொன்று நீர் பற்றியது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். 1996இல் டில்லியில் பரவிய டெங்குக் காய்ச்சலால் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே அடித்தட்டுகளை வாரம் ஒரு முறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

பள்ளிக்கூடங்களிலும் இத்திட்டத்தை மேற்கொள்ளலாம். சுவரின் நிழலை மாதந்தோறும் அளப்பதும், விதைத்த நாளையும் முதற்பூ மலர்ந்த நாளையும் குறித்து வைப்பதும் மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சிகள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், மறு ஆண்டு எந்த விதையை எந்த மூலையில் இடுவது என்பதை அவர்களே சொல்லிவிடுவர்.