அபேபே ஓடிய கடைசி அரை கிலோமீட்டர்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் தங்கம் வாங்கினார். பலருக்கும் தெரிந்த கதைதான். (பிக்கிலா என்பது அவர் அப்பா பெயர். அங்கே குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, கிட்டத்தட்ட நம்மூர் இனிஷியல் மாதிரி. அதனால் அபேபே என்றே எழுதுகிறேன்.) எல்லாரும் அந்த வெறுங்காலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கால் ஓடிய தெருதான் அதைவிடப் பெரிய கதையாகத் தெரிகிறது. கொஞ்ச நாளாக ராத்திரி ஆபீஸ் வேலை முடிந்ததும் ரோம் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பாதையைக் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒலிம்பிக் மாரத்தான் என்றால் ஸ்டேடியத்தில் வந்து முடிவதுதான் அதுவரை வழக்கம். ரோமில் அப்படிச் செய்யவில்லை. கேப்பிடோலின் குன்றின் படிக்கட்டு அடியில் தொடக்கம், கொலோசியத்தை ஒட்டி நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவில் முடிவு. வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் ஆரம்பித்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு, கி.மு. 312இல் போட ஆரம்பித்த ஆப்பியன் சாலையில் சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். பழைய ரோமை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று போட்ட பாதை இது.

ஆனால் அந்தப் பாதையில் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ரோமும் இருந்தது. தொடக்க இடத்துக்குப் பக்கத்திலேயே வெனிஸ் சதுக்கம். 1936 மே மாதம் அங்கிருக்கும் மாளிகையின் பால்கனியில் நின்றுதான், எத்தியோப்பியா இனி நமது என்று முசோலினி அறிவித்தார். அபேபேக்கு அப்போது மூன்று வயது. 1960இல் அவர் பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் சிப்பாய்.

இன்னொன்றும் வழியில் இருந்தது. போர்ட்டா கபேனா சதுக்கத்தில் 24 மீட்டர் உயரம், ஏறக்குறைய 160 டன் எடையில் ஒரு கல்தூண். எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்தில் சுமார் 1,700 வருஷம் முன்னால் செதுக்கியது. 1937இல் முசோலினி ஆட்சி அதை ரோமுக்குத் தூக்கிக்கொண்டு வந்து நட்டது. எதிரே இருக்கும் கட்டடத்தில் இன்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இயங்குகிறது. முதலில் அது ஆப்பிரிக்கக் காலனிகளுக்கான அமைச்சகத்துக்காகத் திட்டமிட்ட கட்டடம். தூணைத் திருப்பித் தருவதாக 1947 சமாதான உடன்படிக்கையில் இத்தாலி கையெழுத்துப் போட்டாயிற்று. பதினெட்டு மாதம்தான் கெடு. பதின்மூன்று வருஷம் கழித்து, உலகமே பார்க்கும் பந்தயத்தின் நடுவிலும் தூண் அங்கேயேதான் நின்றது.

பாதை அந்தச் சதுக்கத்தை இரண்டு முறை தொட்டது, போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. அபேபேயும் பயிற்சியாளர் ஓன்னி நிஸ்கானனும் பாதையை முன்கூட்டியே பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது தூணருகே வேகத்தைக் கூட்டுவது என்று முடிவு செய்திருந்தார்கள். இதில் உணர்ச்சி எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நானும் அரை மாரத்தான் ஓடுகிறவன்தான். கடைசியில் மூளை வேலை செய்யாது. "அந்த பெட்ரோல் பங்க் வந்ததும் விட்டுவிடு" என்று முதல் நாளே மனசில் குறித்து வைத்தால்தான் கால் கேட்கும். இருட்டில் தேடுவதற்கு எட்டு மாடி உயரத் தூணைவிட நல்ல அடையாளம் எது?

அதுவரை மொராக்கோவின் ராதி பென் அப்தெஸ்ஸலாம் அவரோடு தோளோடு தோளாக வந்துகொண்டிருந்தார். அபேபேயின் நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. ராதி 25.4 விநாடி பின்னால். சராசரி வேகம் விநாடிக்கு 5.2 மீட்டர் என்று வைத்தால் இடைவெளி 130 மீட்டர் சொச்சம். தூணிலிருந்து வளைவுக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர்தான். அதற்குள் இவ்வளவு இடைவெளி விழ வேண்டுமென்றால் ஒருவர் வேகம் கூட்டினால் மட்டும் போதாது, மற்றவர் கையிலிருந்த எல்லாவற்றையும் ஏற்கெனவே செலவழித்திருக்க வேண்டும். அபேபே அந்த இடத்துக்காக மிச்சம் வைத்திருந்தார்.

அந்த அரை கிலோமீட்டர் சாலையையும் சொல்லியாக வேண்டும். பழைய ரோமில் போரில் ஜெயித்த தளபதிகள் தோற்றவர்களைச் சங்கிலியில் கட்டி ஊர்வலமாக வந்த பாதை அது. இறுதியில் நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவும் ஒரு வெற்றிச் சின்னம்தான். ஏற்பாடு செய்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருப்பார்கள். யார் முதலில் வருவார் என்பதுதான் அவர்கள் கையில் இல்லை.

1964 டோக்கியோவிலும் அபேபே ஜெயித்தார், இந்தத் தடவை ஷூ போட்டுக்கொண்டு. 1969இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. 1973இல், 41 வயதில் இறந்தார். தூண் ஊர் திரும்பியது 2005இல், மூன்று துண்டுகளாக விமானத்தில். அதற்காக அக்சும் விமான ஓடுதளத்தையே மேம்படுத்த வேண்டியிருந்தது. 2008இல் பழைய இடத்தில் நிறுத்தினார்கள்.

இப்போதைய ரோம் மாரத்தான் சமீப வருஷங்களில் சர்க்கஸ் மாக்சிமஸில் முடிகிறது. போர்ட்டா கபேனா அதன் கிழக்கு முனையை ஒட்டியே இருக்கிறது. பதக்கத்தை மாட்டிக்கொண்டு ரெண்டு நிமிஷம் நடந்தால் தூண் நின்ற இடத்துக்கு வந்துவிடலாம்.