முன்றிலில் நீர்புகு தளம்: திருத்தணி மலையடி வீடுகளுக்கான தேர்வும் பராமரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டின் முன்புறத்தில் வண்டி ஏறி இறங்கும் பகுதியைச் சிமெண்டுத் தளமாக்கும் வழக்கம் சிறு நகரங்களிலும் பரவிவிட்டது. இத்தகைய தளம் மழைநீரை மண்ணுக்குள் விடாமல் தெருவுக்குத் தள்ளுகிறது. மலைச்சரிவு, கடும்பாறை நிலம், கோடை வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த திருத்தணியில் நீர்புகு தளம் எவ்வாறு இயங்கும், எவ்வகைத் தளம் குறைந்த பராமரிப்பில் நிலைக்கும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன்றில், நீர்புகு தளம், நிலத்தடி நீர், சரிவு, பேவர் கல், திருத்தணி.

முன்னுரை

‘இல்முன்’ என்பதே ‘முன்றில்’ என வழங்குகிறது என்றும், அது இலக்கணப்போலி என்றும் இலக்கண நூலார் கூறுவர். வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட அந்நிலம் நெடுங்காலம் மண்தரையாகவே இருந்தது. சாணம் தெளித்துக் கோலமிடும் இடம், நெல் உலர்த்தும் இடம், மழைநீர் ஊறும் இடம் எனப் பல பயன்கள் அதற்கு இருந்தன. இன்று அதன் முதற்பயன் வண்டி நிறுத்துவதாகும். பயன் மாறியதோடு தரையும் மாறியது. நீர் ஊறும் பயன் மட்டும் மாற்றின்றி இழக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எனினும் நடைமுறையில் கூரையில் விழும் நீரே பெரும்பாலும் கருதப்படுகிறது. முன்றிலில் விழும் நீர் கணக்கில் வருவது அரிது.

1. திருத்தணியின் நில இயல்பு

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணி, 1960இல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்த எல்லைப்புற நகரம். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 365 படிகளைக் கொண்ட மலைக்கோயிலைச் சூழ்ந்தும் அதன் அடிவாரத்திலும் குடியிருப்புகள் பரவியுள்ளன. இப்பகுதியின் நந்தியாறு கொசஸ்தலையாற்றோடு சேர்கிறது. கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு நீர் தருகிறது. ஆகவே இங்குள்ள நிலம் ஏற்கும் மழை இவ்வூர்க் கிணறுகளோடு மட்டும் தொடர்புடையதன்று.

இப்பகுதியின் அடிநிலம் கடும்பாறை. கடும்பாறையில் நீர் தங்குவது மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழேயுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. அந்த இருப்பு சிறியது. ஆண்டுதோறும் மழையால் நிரம்ப வேண்டியது. கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்கள் இங்குப் பல. அந்நாள்களில் ஆழ்துளைக் கிணறு நீர் தருமா என்பது முந்தைய மழைக்காலத்தில் எவ்வளவு நீர் உள்ளே சென்றது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

2. நீர்புகு தளம் இயங்கும் முறை

நீர்புகு தளம் என்பது மேற்பரப்பு மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத கீழடுக்கே அதன் உயிர்ப்பகுதி. மேலே கல் அல்லது கான்கிரீட்டு. அதன்கீழ் 5 செ.மீ. அளவுக்குச் சிறுசல்லி, அதற்கும் கீழே தூள் நீக்கிய பெருஞ்சல்லி அடுக்கு. பெருஞ்சல்லியின் இடைவெளிகளே நீரைத் தற்காலிகமாகத் தேக்குகின்றன.

10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள முன்றிலின் பரப்பு 30 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். எனவே 50 மி.மீ. மழையில் அம்முன்றிலில் 1,500 லிட்டர் விழுகிறது. பெருஞ்சல்லி அடுக்கின் தடிமன் 30 செ.மீ. எனவும் அதில் இடைவெளி 35 விழுக்காடு எனவும் கொண்டால், 3,150 லிட்டர் தேங்க இடமுண்டு. இது 105 மி.மீ. மழைக்கு ஈடானது. அடிமண் மணிக்கு 5 மி.மீ. வீதம் உறிஞ்சினால் நிரம்பிய அடுக்கு 21 மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இக்கணக்கில் கூரைநீரைச் சேர்க்கலாகாது. 90 சதுர மீட்டர் கூரையின் நீரும் இங்கே விடப்பட்டால் அதே 50 மி.மீ. மழையில் 6,000 லிட்டர் வந்து சேரும். அடுக்கு நிரம்பி வழியும். கூரைநீருக்குத் தனிக்குழியே தகும்.

3. சரிவு தரும் சிக்கல்

சமதளத்துக்குரிய கணக்கு மலையடிவாரத்தில் அப்படியே பொருந்தாது. மேற்கூறிய 10 மீட்டர் முன்றில் 5 விழுக்காடு சரிந்திருந்தால் இரு முனைகளுக்கும் இடையே 50 செ.மீ. உயர வேறுபாடு உண்டாகும். நீர்மட்டம் எப்போதும் கிடையாக நிற்பதால், 30 செ.மீ. அடுக்கில் நீர் தாழ்முனையிலிருந்து 6 மீட்டர் தொலைவுவரை ஆப்பு வடிவிலேயே தேங்கும். கொள்ளளவு 3,150 லிட்டரிலிருந்து 945 லிட்டராகச் சுருங்கிவிடும்; மிகுநீர் தெருவாயிலில் பொங்கி வெளிவரும்.

இதற்குத் தீர்வு எளியது. சல்லி அடுக்கின் குறுக்கே மூன்று சிறு தடுப்புச் சுவர்களை எழுப்பி, அதனை 2.5 மீட்டர் நீளமுள்ள நான்கு அறைகளாகப் பிரித்தால், ஒவ்வோர் அறையிலும் உயர வேறுபாடு 12.5 செ.மீ. மட்டுமே. அப்போது கொள்ளளவு ஏறத்தாழ 2,490 லிட்டராக உயர்கிறது. சரிந்த நிலத்தில் வரப்பிட்டு நீரைத் தேக்கும் உழவரின் முறை இதுவே. இங்கு வரப்பு தளத்தின் கீழே மறைந்துள்ளது.

4. தளவகைகளும் அவற்றின் பராமரிப்பும்

மணலற்ற கான்கிரீட்டு: இதில் 15 முதல் 25 விழுக்காடு வரை இடைவெளி உண்டு. நீரை விரைந்து விடும். ஆனால் செம்மண் தூசு உள்நுழைந்து அடைத்தால் அழுத்த நீரால் கழுவியோ உறிஞ்சியோ எடுக்க வேண்டும். அதற்கான கருவி சிறு நகரங்களில் எளிதிற் கிடைப்பதில்லை.

புல் வளர்க்கும் துளைக்கற்கள்: பார்வைக்கு இனியவை. கோடையில் புல்லுக்கு நீர் ஊற்ற வேண்டும். நீரைச் சேமிக்க அமைத்த தளமே நீரைக் கேட்பது முரண்.

தளர்ந்த சல்லி: செலவு குறைவு. சரிவில் சக்கரமும் மழையும் கல்லைத் தெருவுக்கு உருட்டும். அடிக்கடி வாரி நிரப்ப வேண்டும்.

இடைவெளி விட்ட பேவர் கல்: கற்களுக்கிடையே 5 முதல் 13 மி.மீ. வரை இடைவெளி விட்டு, மணலுக்கு மாற்றாகச் சிறுசல்லி நிரப்பப்படும். அடைப்பு பெரும்பாலும் இடைவெளியின் மேல் 2 அல்லது 3 செ.மீ. பகுதியிலேயே நிகழ்வதால், அதைக் கிளறி எடுத்துப் புதுச்சல்லி நிரப்பினால் போதும். கல் உடைந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். கார் மட்டும் வருமாயின் 60 மி.மீ. கல் தகும், தண்ணீர் லாரி உள்ளே வருவதானால் 80 மி.மீ. வேண்டும்.

இரு தடப் பாதை: சக்கரங்கள் ஓடும் இரு பட்டைகளில் மட்டும் கருங்கற் பலகை அல்லது கான்கிரீட்டு இட்டு, நடுவிலும் ஓரங்களிலும் சல்லி பரப்புவது. ஒரு பட்டையின் அகலம் 60 செ.மீ. எனில் 3 மீட்டர் அகலத்தில் 1.2 மீட்டர் மட்டுமே மூடப்படும். ஐந்தனுள் செலவும் உழைப்பும் குறைந்த முறைகளுள் இது முதன்மையானது. சரிவு மிகுந்த இடத்தில் மட்டும் நடுச்சல்லிக்குக் குறுக்குக் கற்கள் பதிக்க வேண்டும்.

5. தேர்வுக்கு முந்தைய சோதனை

தளம் அமையவிருக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில், ஓரடிச் சதுரக் குழி வெட்டி, முதலில் ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிட வேண்டும். பின்னர் அரையடி உயரத்துக்கு நீர் நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என அளக்க வேண்டும். குழியின் நான்கு பக்கங்களும் நீரை உறிஞ்சுவதால், அளவில் மூன்றில் ஒரு பங்கையே அடிமண்ணின் ஆற்றலாகக் கொள்ளுதல் பாதுகாப்பானது. 15 மி.மீ. இறங்கினால் 5 மி.மீ. எனக் கொள்க. அவ்வாழத்திலேயே பாறை தட்டுப்பட்டால் அவ்விடத்தில் நீர்புகு தளம் பயன் தராது. அங்கு விழும் நீரைத் தோட்டத்துக்கோ சேகரிப்புக் குழிக்கோ திருப்புவதே முறை.

அடித்தளச் சுவரை ஒட்டியும் கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலும் இத்தளத்தை அமைத்தல் கூடாது. வண்டி கழுவும் வழலைநீரும் கசியும் எண்ணெயும் கிணற்றுக்குச் செல்லாதவாறு, கழுவுமிடத்தைத் தனியே ஒதுக்குதல் வேண்டும். மேட்டுப்புறத்து வெறும் மண் மழையில் கரைந்து தளத்தை அடைப்பதைத் தடுக்க, அவ்வோரத்தில் ஒரு சிறு கால்வாய் தேவை. தலைவாசலை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு வழவழப்பான தரையை விட்டுவைத்தால் கோலமிடும் வழக்கத்துக்கும் இடையூறில்லை.

முடிவுரை

திருத்தணிச் சூழலில், மிதமான சரிவுள்ள முன்றிலுக்கு இடைவெளி விட்ட பேவர் கல்லும், செலவைக் குறைக்க விரும்புவோர்க்கு இரு தடப் பாதையும் ஏற்றவை எனக் கருதலாம். எதுவாயினும் ஓரளவு கவனிப்பு தேவை: வாரம் ஒருமுறை சருகைப் பெருக்கி அகற்றுதல், மழைக்காலத்துக்கு முன் இடைவெளிகளைக் கிளறிப் பார்த்தல். மழை நின்ற பின்னும் தளத்தின்மேல் நீர் தேங்கி நிற்பது அடைப்புக்கு முதல் அறிகுறி. ஒரு முன்றில் ஏற்கும் நீர் சில ஆயிரம் லிட்டர்தான். ஒரு தெருவின் முன்றில்கள் எல்லாம் ஏற்குமாயின், மழைநாளில் தெருவில் ஓடும் வெள்ளம் குறையும். கடும்பாறையின் சிறிய இருப்புக்கு அது ஒரு நிலையான வரவாகவும் அமையும்.